மியுஸ்கதேயும் மீனும்: தனியாகக் குடித்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

லுவார்க்கரை:

போன வாரம் வேறொரு இழையில் ஒரு நண்பர் மியுஸ்கதே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின் புட்டி ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது, இதற்கா இவ்வளவு பேர் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனது கேட்கவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. நானும் பிரான்சின் நாந்த் நகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு புட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, கடிக்க ஒரு துண்டு ரொட்டிகூட இல்லாமல் ஊற்றிக் குடித்துவிட்டு மிச்சத்தை மூடி வைத்தேன். வாசனை இல்லை, இனிப்பு இல்லை, நாக்கின் இரண்டு ஓரமும் கூசியது, அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து டிசம்பரில் சந்தைக்குப் போனேன். இங்கே குளிர்காலத்தில் சிப்பி விற்பவர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து, கேட்டால் அங்கேயே கத்தியால் பிளந்து தட்டில் வைத்துத் தருவார்கள், கூடவே சின்னக் கிளாஸில் மியுஸ்கதே. எங்கள் நாகப்பட்டினத்து வீட்டில் கடலில் கிடைக்கும் எதையும் பச்சையாகச் சாப்பிட்ட பழக்கம் கிடையாது, அதனால் தயங்கித்தான் வாயில் வைத்தேன். கடல் தண்ணீரின் உப்பு, பிறகு ஒரு வழவழப்பு. அதன் மேல் ஒரு வாய் ஒயின். போன வருடம் கூசிய அதே புளிப்பு இப்போது கூசவே இல்லை! சிப்பியின் உப்பு ஒயினின் முனையை மழுக்கிவிட்டது, ஒயின் அந்த வழவழப்பைக் கழுவிக்கொண்டு போனது, கடைசியில் தொண்டைக்குப் பக்கத்தில் மெல்லிய இனிப்பு ஒன்று நின்றது. ஒயினில் இனிப்பே கிடையாது, ஆகவே அது சிப்பியின் இனிப்புதான். அதுவரை உப்புக்குப் பின்னால் மறைந்திருந்தது.

அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான்: இந்த ஒயின் சாப்பாட்டின் ஒரு பாகம். ஊறுகாயை மட்டும் ஒரு கிண்ணத்தில் போட்டுத் தின்றுவிட்டு இது என்ன சாப்பாடு என்று யாரும் கேட்பதில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மியுஸ்கதே என்பது லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் போய்ச் சேரும் இடத்தில், நாந்த் நகரத்தைச் சுற்றி விளைவது. திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோஞ். பேரைக் கேட்டு மஸ்கட் திராட்சை என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, மஸ்கட் கமகமவென்று மணக்கும், இது வாயை மூடிக்கொண்டு இருக்கும். மெலோன் கிழக்குப் பிரான்சின் பூர்கோஞ் பக்கத்திலிருந்து வந்தது. 1999ல் மரபணுவைப் பார்த்தபோது ஷார்டனே திராட்சையும் இதுவும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவை என்று தெரிந்தது, இரண்டுக்கும் பெற்றோர் பினோ, குவே பிளாங் என்ற இரண்டு திராட்சைகள்தான். உடன்பிறந்த ஷார்டனே உலகம் முழுக்கப் போய்விட்டது, மெலோன் இந்த ஆற்று முகத்துவாரத்திலேயே தங்கிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த டச்சு வணிகர்களுக்குக் காய்ச்சி வடிக்க வெள்ளை ஒயின் நிறையத் தேவைப்பட்டது, மணம் இல்லாதது அவர்களுக்குக் குறையாகப் படவில்லை. அப்புறம் 1709 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் இந்தப் பக்கத்துக் கொடிகள் செத்துப்போக, குளிரைத் தாங்கும் மெலோனைத்தான் திரும்ப நட்டார்கள். இன்றைக்குக் கிளாஸில் இருப்பது அந்தக் குளிர்காலத்தின் மிச்சம்.

சிப்பியோடு சாப்பிட்டவர்கள், மீனோடு சாப்பிட்டவர்கள், பிடிக்காதவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

புதுநாக்கு:

அக்கா, நான் இதில் முழுக்கப் புதுசு. இரண்டு சந்தேகம். 'டிரை' ஒயின் என்கிறார்களே, சில இடங்களில் தமிழில் 'உலர்ந்த ஒயின்' என்றுகூட எழுதியிருக்கிறார்கள், ஈரமான ஒன்று எப்படி உலர்ந்திருக்கும்? இன்னொன்று, சுவைப்பது எப்படி என்று பார்த்தால் பச்சை ஆப்பிள், ஈரக்கல், சிப்பி ஓடு என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியவே இல்லை. தெரியாவிட்டால் குடிக்கக் கூடாதா?

லுவார்க்கரை:

'உலர்ந்த' என்று எழுதுவதை விட்டுவிடலாம். பிரெஞ்சில் 'செக்' என்பார்கள், அதற்கும் நேர் அர்த்தம் காய்ந்தது என்பதுதான், ஆனால் ஒயினில் அதற்குச் சர்க்கரை மிச்சமில்லை என்று பொருள். திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்று சாராயமாக்கிவிட்டால் அது டிரை. ஐரோப்பியக் கணக்கில் பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள், புளிப்பு அதிகம் இருந்தால் 9 வரை விடுவார்கள். 'இனிப்பில்லாத வெள்ளை ஒயின்' என்று சொன்னால் நம் வீட்டில் யாருக்கும் புரியும்.

சுவைப்பதைப் பற்றி. ஈரக்கல்லைத் தேடாதீர்கள் தம்பி. அது அவர்கள் வளர்ந்த இடத்து நினைவு. அவர்கள் மழை பெய்த கற்பலகைத் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள், அதனால் அந்த வாசனை அவர்களுக்கு உடனே எழுகிறது. நமக்கு அறுசுவை என்று ஒரு நல்ல கணக்கு இருக்கிறது, அதை வைத்தே முக்கால்வாசி தூரம் போய்விடலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் துவர்ப்பை ஒரு சுவையாகவே எண்ணுவதில்லை, வாயில் படும் உணர்வு என்று தனியாக வைப்பார்கள். நம் வீட்டில் வாழைப்பூ சாப்பிட்ட குழந்தைக்கே துவர்ப்பு என்றால் என்ன என்று தெரியும்.

முதலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து கால்மணி நேரமாவது வெளியே வையுங்கள். 4 டிகிரியில் வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் குத்தும். 9, 10 டிகிரிக்கு வந்தால் போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றாமல் ஒரு தடவை மோந்து பாருங்கள், அப்புறம் சுழற்றி மோந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் படும்படி விட்டு, விழுங்கிய பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்து உட்காருங்கள். கீழ்ப்பல்லுக்குப் பின்னால் எச்சில் ஊறும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு, நாக்கு ஏமாற்றினாலும் எச்சில் ஏமாற்றாது. அடுத்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். கடைசியில் நாக்கின் அடியில் லேசாகக் கைக்கிறதா, உவர்க்கிறதா? மியுஸ்கதேயில் எனக்கு எப்போதும் கடைசியில் ஒரு உவர்ப்பு வரும், முகத்தில் கடற்காற்று பட்ட பிறகு உதட்டை நக்கினால் வருமே, அந்த அளவு. நிறையப் புட்டி சுவைக்கும்போது துப்பிவிடுவார்கள், அதற்கென்றே ஏனம் வைத்திருப்பார்கள், அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

பாரிஸ்_அடுக்களை:

வணக்கம் அக்கா. நான் பதினொரு வருசமாகப் பாரிஸில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன், யாழ்ப்பாணம்தான் ஊர். சிப்பி திறக்கிற வேலையில் தொடங்கி இப்போது சோஸ் செய்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். சிப்பியோடு வைன் எப்படி என்று நீங்கள் எழுதியது சரியான கதை, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சிப்பிக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்ட காடி (வினிகர்) வைப்பார்கள், அதை நிறைய ஊற்றிச் சாப்பிட்டால் வைன் செத்துப் போகும். காடியின் புளிப்புக்கு முன்னால் எந்த வைனும் தண்ணீர்தான். வைன் குடிக்கிறதென்றால் காடி வேண்டாம், காடி வேண்டுமென்றால் வைன் வேண்டாம். வெண்ணெய் தடவிய கறுப்பு ரை பாண் (ரொட்டி) ஒரு துண்டு போதும்.

நான் எழுத வந்தது வேறு. நாந்த் பக்கத்துப் பெர் பிளாங் சோஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லுவார்க் கரையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கிளெமான்ஸ் லெஃபெவ்ர் என்ற அம்மா கண்டுபிடித்தது என்று சொல்லுவார்கள். ஆற்று மீனுக்கு ஊற்றுகிற சோஸ். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, வெள்ளை வைனும் காடியும் விட்டு, கிட்டத்தட்ட வற்றும்வரைக்கும் காய்ச்ச வேண்டும். அதற்குப் பிறகு நெருப்பைக் குறைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதித்தால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக நிற்கும், சோஸ் போச்சு.

முதல் தடவை செஃப் இதைக் காட்டித் தந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோசத்தில் வந்த சிரிப்பு. இது எங்கள் வீட்டுச் சொதி அல்லவா? சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பால் விட்டுச் சூடாக்கி, கொதிக்க விடாமல் துழாவிக்கொண்டே இருந்து, அடுப்பால் இறக்கிய பிறகுதான் தேசிக்காய் (எலுமிச்சை) புளி விடுவது. கொதித்தால் பால் திரைந்து போகும். அங்கே வெண்ணெயும் காடியும், இங்கே தேங்காய்ப்பாலும் தேசிக்காயும். கொழுப்பு ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம், நடுவில் சின்ன வெங்காயம், திரையாமல் பார்த்துக்கொள்கிற கை. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், "அப்ப நீ படிக்கிறதுக்கு அங்க போகத் தேவையில்லையே" என்றா.

பெர் பிளாங்கோடு மியுஸ்கதே சேரும் என்றால் மீன் சொதியோடும் சேர வேண்டும். இது என்ரை எண்ணம்.

காரம்குறையாது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வலுக்கட்டாயமாக நம் சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் கல்யாணம் செய்து வைக்கிறோம் என்று தோன்றுகிறது. நான் லண்டனில் இருக்கிறேன். மியுஸ்கதே, சோவினியோன் பிளாங், ஆஸ்திரேலிய ஷார்டனே மூன்றையும் வஞ்சிரம் வறுவலோடும் மிளகாய் அரைத்துவிட்ட மீன் குழம்போடும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தேன். ஷார்டனேயில் வாய் எரிந்தது. சோவினியோன் புல் வாசனை அடித்தது. மியுஸ்கதே இருந்த இடம் தெரியவில்லை. பிரான்சில் சிப்பிக்குச் சேர்கிறது என்றால் சரி, அது அவர்கள் ஊர்ச் சாப்பாடு, பக்கத்திலேயே விளைந்து பக்கத்திலேயே பிடிபட்டது. எங்கள் மீன் குழம்புக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் மோர் இருந்தால் போதும், அதற்கு மேல் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

புளிவேதியியல்:

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். இந்த இழையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

திராட்சையின் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். பழங்களில் இது நிறைய இருப்பது அபூர்வம். எலுமிச்சையில் சிட்ரிக், ஆப்பிளில் மாலிக், தயிரில் லாக்டிக். டார்டாரிக் அமிலம் மிகுந்திருக்கும் இன்னொரு பழம் நம் புளியம்பழம். ஒயின் புட்டியின் அடியில் சில சமயம் கண்ணாடித்தூள் மாதிரி படிந்திருக்கும், கெட்டுப்போனது என்று பயந்து திருப்பிக் கொடுப்பார்கள், அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு, குளிரில் படிகமாகிறது, ஒன்றும் செய்யாது. ஆக மீன் குழம்பும் மியுஸ்கதேயும் ஒரே அமிலத்தில் நிற்பவை. ஒரே அமிலம் என்பதால் சேர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. இரண்டில் எது அதிகப் புளிப்போ அது மற்றதைத் தின்றுவிடும். புளிக்கரைசல் கெட்டியாக விட்ட குழம்பு பெரும்பாலும் ஒயினைவிடப் புளிப்பு. காரம்குறையாது நண்பரின் கிளாஸில் மியுஸ்கதே காணாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

எரிச்சலைப் பற்றி. மிளகாயின் கேப்சைசின் நாக்கில் ஒரு வெப்ப உணர்வியைத் தூண்டுகிறது, சூடான பொருள் பட்டால் தூண்டப்படுவதும் அதே உணர்விதான். சாதாரணமாக அது ஏறக்குறைய 42 டிகிரியில் விழித்துக்கொள்ளும். சாராயம் அந்த வாசலை 34 டிகிரி வரைக்கும் இறக்கிவிடும் என்று 2002ல் ஓர் ஆய்வு வந்தது. உடம்பின் சூடே 37. மிளகாய் ஏற்கெனவே அதைத் தூண்டி வைத்திருக்கிறது, அதன் மேல் 14 சதவீத ஷார்டனேயை ஊற்றினால் எரியாமல் என்ன செய்யும்? மியுஸ்கதே பொதுவாக 12 பக்கம்தான் இருக்கும், அதனால் எரிச்சல் குறைவு. மோரில் சாராயம் இல்லை, கொழுப்பும் கேசின் என்ற பால் புரதமும் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், அந்த வகையில் மோர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மீனோடு ஏன் சிவப்பு ஒயின் நாறுகிறது என்பதற்கும் 2009ல் ஜப்பான் ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். ஒயினில் இருக்கும் இரும்பு மீன் வாடையை எழுப்புகிறது. இரும்பு அதிகமிருந்தால் வெள்ளையும் நாறும், குறைவாக இருந்தால் சிவப்பும் பரவாயில்லை. நிறத்தை வைத்துச் சொல்லும் விதி பாதிதான் சரி.

லுவார்க்கரை:

சார், புளியும் திராட்சையும் ஒரே அமிலம் என்பதை இத்தனை வருடம் தெரியாமல் இருந்துவிட்டேன். ரொம்ப நன்றி. நேற்று படித்துவிட்டு சமையலறையில் புளி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

காரம்குறையாது சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். புளியும் மிளகாயும் முழு வீச்சில் இருக்கும் குழம்போடு இந்த ஒயின் தோற்கும். நானும் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டேன், அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளில் வைத்த குழம்பு, மியுஸ்கதே வெறும் ஈரமாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் இனிப்பு விட்ட ஜெர்மன் ரீஸ்லிங் ஒயின் நின்று பேசும், சாராயமும் அதில் குறைவு. அல்லது நீங்கள் சொல்கிற மோர்.

ஆனால் 'நம் சாப்பாடு' என்றால் மீன் குழம்பு மட்டுமா? மிளகாய் தொடாத எத்தனை மீன் இருக்கிறது நம்மிடம். மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்த நெத்திலி, மிளகு இடித்துப் போட்ட இறால், வாழையிலையில் வைத்துச் சுட்ட மத்தி, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன். இங்கே கோடையில் மத்தியைக் கரியில் சுட்டு, கெராந்த் உப்பளத்துக் கல்லுப்பைத் தூவித் தருவார்கள், தோல் கருகி எண்ணெய் வடிந்துகொண்டிருக்கும். அதற்கு இந்த ஒயினைத் தவிர வேறு எதையும் நான் ஊற்ற மாட்டேன். வேதாரண்யத்து உப்பைப் போட்டு அதே மத்தியைச் சுட்டால் ஒயினுக்கு என்ன தெரியப்போகிறது?

வறுத்த நெத்திலியோடு வைத்துப் பாருங்கள். மொறுமொறுப்பு, எண்ணெய், உப்பு, மூன்றையும் புளிப்பு வெட்டிக்கொண்டு போகும். இது நீங்கள் வீட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டு சாப்பிடுவதே. எந்த மீனுக்கு நம் கை தானாக எலுமிச்சையைத் தேடுகிறதோ அந்த மீனுக்கு மியுஸ்கதே சரி, எந்த மீனுக்குத் தயிரைத் தேடுகிறதோ அதற்கு வேண்டாம். நான் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன், இதுவரை தப்பியதில்லை.

வெண்கடல்:

புதுச்சேரியிலிருந்து. இங்கே வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே ஒயின் மேசையில் உண்டு, அதனால் சொல்கிறேன். மியுஸ்கதே நல்ல ஒயின், ஆனால் ஒல்லியான ஒயின். சிப்பிக்கு ஷாப்லி ஒயின் இருக்கிறது, ஆட்டுப்பால் சீஸுக்கு சான்சேர் ஒயின் இருக்கிறது, இரண்டிலும் கொஞ்சம் சதை இருக்கிறது. மியுஸ்கதேயை இரண்டாவது கிளாஸ் ஊற்றும்போதே எனக்கு அலுத்துவிடுகிறது. விலை குறைவு என்பதற்காக ஒன்றைத் தூக்கிப்பிடிக்கிறோமோ?

லுவார்க்கரை:

விலைக்காக இல்லை. நீங்கள் குடித்தது எந்த வகை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

புட்டியில் 'சூர் லி' என்று போட்டிருக்கும். மண்டியின் மேல் என்று அர்த்தம். புளித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்துத் தொட்டியின் அடியில் மண்டியாகப் படியும். மற்ற இடங்களில் பெரும்பாலும் அதை வடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க ஒயின் அந்த மண்டியின் மேலேயே கிடக்கும், மார்ச் 1க்கு முன் புட்டியில் அடைக்கக் கூடாது என்று விதி. அந்தச் செத்த ஈஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒயினுக்கு ஒரு திரட்சியைக் கொடுக்கும், புதிதாகச் சுட்ட ரொட்டியின் உட்பக்க வாசனை மெலிதாக வரும். மாற்றாமல் நேராக அடைப்பதால் கரியமில வாயு கொஞ்சம் தங்கி நாக்கில் ஊசிமுனை மாதிரி ஒரு சுருக்கென்ற உணர்வும் இருக்கும். நம் மொழியில் கள்ளையும் மதுவையும் 'தேறல்' என்று தெளிந்ததை வைத்துத்தான் பெயரிட்டார்கள், இங்கே அடியில் கிடப்பதை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், இந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஷாப்லியில் உங்களுக்குத் தெரியும் சதைக்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே பெரும்பாலும் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற விடுவார்கள், அதாவது பச்சை ஆப்பிளின் புளிப்பு தயிர்ப் புளிப்பாகிவிடும், வாய்க்கு மெத்தென்று இருக்கும். மியுஸ்கதேயில் பொதுவாக அதை நடக்க விடுவதில்லை. மாங்காயைக் கடித்த கூர்மை அப்படியே இருக்கும். அந்தக் கூர்மைதான் எனக்கு வேண்டியது, உங்களுக்கு அலுக்கிறது என்றால் அது வாய்க்கு வாய் மாறுகிற விஷயம், அதில் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் ஒல்லி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 2011லிருந்து கிளிசோன், கோர்ஜ், லு பல்லே என்று ஊர்ப் பெயர் போட்ட தனி வகைகள் வந்திருக்கின்றன, பிறகு இன்னும் சில ஊர்களும் சேர்ந்தன. கிளிசோனும் கோர்ஜும் மண்டியின் மேல் குறைந்தது இரண்டு வருடம் கிடக்க வேண்டும். கிளிசோன் கருங்கல் பூமி, கோர்ஜ் காப்ரோ என்கிற கரும்பச்சைப் பாறை. நான் கிளிசோன் பக்கத்தில் ஒரு சிறிய தோட்டக்காரரின் நிலவறைக்குப் போயிருந்தேன். தரைக்கு அடியில் தொட்டிகள், உள்ளே கண்ணாடி ஓடு பதித்தது, மேலே நாம் நடக்கிற தரையில் ஒரு மூடி. மூடியைத் திறந்து நீளக் கண்ணாடிக் குழாயை விட்டு எடுத்து ஊற்றினார். மூன்று குளிர்காலம் பார்த்த ஒயின். மஞ்சள் கொஞ்சம் ஏறியிருந்தது, முதலில் சீமைமாதுளம்பழம் மாதிரி, கொஞ்சம் கழித்து வறுத்த பாதாம் மாதிரி ஒரு வாசனை, வாயில் எண்ணெய்ப் பசை போல ஒரு கனம், அதற்கும் கீழே அதே பழைய கூர்மை. அந்த மண்டியை அவர் அவ்வப்போது கலக்கிவிடுவாரா என்று கேட்டேன், இல்லை, தொடவே மாட்டேன் என்றார். ஏப்ரல் உறைபனியில் முக்கால்வாசித் தளிர் கருகிப்போன ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது, விடியற்காலை மூன்று மணிக்கு வரிசைக்கு வரிசை மெழுகுப் பந்தம் கொளுத்தி வைத்தும் காப்பாற்ற முடியவில்லையாம். அப்படி ஒருவர் செய்ததை ஒல்லி என்று ஒரு சொல்லில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வகைக்குச் சிப்பி வேண்டாம், வெண்ணெயில் பொரித்த நாக்குமீன், காளான், கோழி, இங்கத்து க்யூரே நாந்தே சீஸ், இவையெல்லாம் தாங்கும்.

புதுநாக்கு:

பெங்களூரில் மியுஸ்கதே எங்கும் கிடைக்கவில்லை அக்கா, கேட்டால் மஸ்கட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நாசிக்கிலிருந்து வருகிற ஒயின் எதையாவது வைத்து இதைப் பழக முடியுமா?

லுவார்க்கரை:

முடியும். நாசிக்கில் செனின் பிளாங் போடுகிறார்கள், அதுவும் லுவார் ஆற்றங்கரைத் திராட்சைதான், மியுஸ்கதேக்குக் கொஞ்சம் மேலே ஆன்ழு, வுவ்ரே பக்கம். ஆனால் இந்தியாவில் செனினில் பல சமயம் இனிப்பு விட்டு வைப்பார்கள், பின்பக்கம் படித்துவிட்டு டிரை என்று இருந்தால் மட்டும் எடுங்கள். சோவினியோன் பிளாங்கும் பரவாயில்லை, மணம் தூக்கலாக இருக்கும். எதுவானாலும் முதலில் தனியாக ஒரு வாய், அப்புறம் நாக்கில் நாலு கல் உப்பு வைத்து ஒரு வாய், அப்புறம் ஒரு துண்டு எலுமிச்சையைச் சப்பிவிட்டு ஒரு வாய், கடைசியில் கொஞ்சம் வெல்லத்தைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புக்குப் பிறகு ஒயின் உருண்டு வரும், எலுமிச்சைக்குப் பிறகு புளிப்பே இருக்காது, வெல்லத்துக்குப் பிறகு சகிக்க முடியாத புளிப்பாகும். பாயசத்தோடு டிரை ஒயின் ஏன் கூடாது என்பது அந்த ஒரு வாயில் புரிந்துவிடும்.

பாரிஸ்_அடுக்களை:

ஞாயிறு விடுமுறை, சோதித்துப் பார்த்தேன். பாரிஸ் லா ஷப்பல் தமிழ்க் கடையில் தேங்காயும் பச்சைமிளகாயும் வாங்கிக்கொண்டு, மீன்கடையில் ஒரு டோராட் வாங்கி, இடியப்பமும் மீன் சொதியும். மனிசியும் மச்சானும் இருந்தார்கள். வைன் செவ்ர் எ மேன் பகுதி மியுஸ்கதே, சூர் லி, சாதாரணமானது.

முதல் தரம் பச்சைமிளகாய் நாலு போட்டுவிட்டேன், வீட்டுப் பழக்கம். வைன் அவ்வளவு பிடிக்கவில்லை, அந்தச் சின்னக் குமிழி மிளகாயோடு சேர்ந்து குத்தியது. அதே சட்டியில் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, மிளகாயைக் கிள்ளி எடுத்துவிட்டு, தேசிக்காயையும் வழக்கத்தைவிடக் குறைத்தேன், மிச்சப் புளிப்பை வைன் கொடுக்கட்டும் என்று. இப்போது சரி வந்தது. தேங்காய்ப்பால் நாக்கில் பூசிக்கொண்டு நிற்கும், வைன் வந்து துடைக்கும், திரும்பவும் சொதி ருசிக்கும். பெர் பிளாங்கில் நடக்கிற அதே வேலை. வெந்தயமும் கறிவேப்பிலையும் எங்கே இடிக்குமோ என்று யோசித்தேன், இடிக்கவில்லை, வெந்தயத்தின் கைப்பும் வைனின் கடைசியில் வருகிற கைப்பும் ஒன்றையொன்று கண்டுகொண்ட மாதிரி இருந்தது. மச்சான் வைனே தொடாத ஆள், அரைக் கிளாஸ் குடித்துவிட்டு "தேசிக்காய் விட்ட மாதிரித்தான் கிடக்கு" என்றார்.

மிச்சம் இருந்த சொதியைத் திங்கட்கிழமை சோஸ்பானில் செஃபுக்குக் கொஞ்சம் கொண்டுபோனேன். கரண்டியால் எடுத்து வாயில் வைத்துவிட்டு, வெண்ணெய் எத்தனை கிராம் என்று கேட்டார்.

காரம்குறையாது:

மிளகாயைக் கிள்ளி எடுத்த சொதி என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது வேறு சாப்பாடு. ஆனால் நெத்திலியை இந்த வாரம் மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுப் பொரித்து வைத்துப் பார்க்கிறேன். எலுமிச்சை பிழியாமல்.

லுவார்க்கரை:

பிழியாமல் பாருங்கள், அது முக்கியம். ஒயின் 10 டிகிரியில் இருக்கட்டும், நெத்திலி எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு இருக்கட்டும்.

அடுக்களைத் தம்பி, செஃப் கேட்ட கேள்வியைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு யோசனை. அடுத்த தடவை சொதிக்கு சாதாரணப் புட்டியை விட்டுவிட்டு ஒரு கோர்ஜ் வாங்கிப் பாருங்கள், ஐந்தாறு வருடம் ஆனதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. குமிழி அடங்கியிருக்கும், அதனால் உங்கள் நாலு பச்சைமிளகாயில் இரண்டையாவது அது தாங்கலாம். நான் இங்கே ஒரு புட்டி எடுத்து வைத்திருக்கிறேன். இடியப்ப உரல் மட்டும் ஊரிலிருந்து வர வேண்டும், அம்மா அடுத்த மாதம் கொண்டு வருகிறார்.